கிறிஸ்டோஃபருக்கு என்ன வருத்தம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாய் கேட்டது. மகள் தரம் 10. ஆங்கில வகுப்பில் மார்க் ஹாடன் எழுதிய 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஒஃப் த டோக் இன் த நைட்-டைம்' நாவலைப் படிக்கிறார்கள். கதையைச் சொல்பவன் 15 வயதுப் பையன், கிறிஸ்டோஃபர். "இவனுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டுக் கேட்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். மகளின் தம்பி 12 வயது, ஓட்டிசம் உள்ளவன். மகள் இப்போது புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். இப்படியொரு நாவலை வகுப்பில் வைப்பது சரியா, வீட்டில் எப்படி உதவுவது, தம்பிக்கும் வாசித்துக் காட்டலாமா? இவ்வளவும்தான் கேள்வி.

நான் கொழும்பில் 20 வருடத்துக்கு மேலாக ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். இந்த நாவலை 5 வகுப்புகளோடு வாசித்திருக்கிறேன். முதல் வகுப்பில் நானே விட்ட பிழையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகளின் வகுப்பிலும் அதுதான் நடக்கிறது போலிருக்கிறது.

அன்றைக்கு நல்ல ஆயத்தத்தோடுதான் போனேன். கரும்பலகையில் 'ஓட்டிசத்தின் அடையாளங்கள்' என்று தலைப்புப் போட்டு, கண்ணைப் பார்த்துக் கதைக்காதது, சத்தம் தாங்காதது, தொட்டால் கத்துவது, ஒரே சாப்பாடு, ஒரே வழி என்று 12 விடயங்களை எழுதினேன். "இதெல்லாம் கதையில் எங்கெங்கே வருகிறது, பக்க இலக்கத்தோடு எழுதுங்கள்" என்றேன். பிள்ளைகள் சந்தோஷமாக எழுதினார்கள், ஒளித்துப் பிடித்து விளையாடுவது மாதிரி. மணி அடித்த பிறகு, யன்னலோரம் இருக்கும் பையன் ஒருவன் என் மேசைக்கு வந்து நின்றான். "மிஸ், இதில ஏழு எனக்கும் இருக்கு. அப்ப நானும் அதுவா?" என்று கேட்டான். நான் சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அந்தத் தவணை முழுக்க அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஒரு நாவலை ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஆக்கிவிட்டேன் என்று விளங்க எனக்கு அடுத்த வருடம் ஆனது. இத்தனைக்கும் கதைக்குள் கிறிஸ்டோஃபரின் நிலைக்கு ஒரு பெயரும் கிடையாது. தேடிப் பாருங்கள். ஓட்டிசம் என்ற சொல்லும் இல்லை, ஓட்டிசத்தின் ஒரு வகைக்கு அன்றிருந்த பெயரான ஆஸ்பெர்கர் என்ற சொல்லும் இல்லை. புத்தகம் 2003இல் வந்தபோது அட்டையில்தான் ஆஸ்பெர்கர் என்று போட்டார்கள். அந்தச் சொல்லையே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் தனி நோயறிதல்களின் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஓட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. எழுதியவரே, இது ஆஸ்பெர்கர் பற்றிய புத்தகம் இல்லை, அதற்காகப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை என்று 2009இல் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். வெளியாளாக நிற்கும் ஒருவனைப் பற்றிய கதை, வித்தியாசத்தைப் பற்றிய கதை என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. ஆகவே இதைப் படித்துவிட்டு "ஓட்டிசப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால், எழுத்தாளரே கொடுக்காத சான்றிதழை அவர் கொடுக்கிறார். இதை மகளிடம் முதலில் சொல்லுங்கள். தம்பியையும் கிறிஸ்டோஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

(தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இறுகிப்போன மதியை நான் இந்தப் பிள்ளைகளில் கண்டதில்லை. ஓட்டிசம் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.)

சரி, வகுப்பில் கேட்கும் கேள்விக்கு வருவோம். "இவனுக்கு என்ன வருத்தம்?" நம்மூர்ப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். இந்தியத் தமிழரிடம் இதே சொல்லைச் சொன்னால் மனக்கவலை என்று எடுத்துக்கொள்வார்கள். எழுத்துத் தமிழிலும் அதுதான் பொருள். கேள்வியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அந்த இரண்டாவது பொருளில் கேட்டுப் பாருங்கள். நாவலே திறந்துகொள்ளும். 15 வயதுப் பையன் ஒருவனுக்கு அம்மா இல்லை. அவனுக்கு என்ன வருத்தம்? அதை அவன் எந்தப் பக்கத்திலும் சொல்வதில்லை. சொல்லாமலே எப்படி நமக்குத் தெரிகிறது? இலக்கிய வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குமேல் கதையின் முடிச்சைச் சொல்லாமல் எழுத முடியாது. இங்கிலாந்தில் சுவிண்டன் என்ற ஊர். நள்ளிரவு தாண்டி 7 நிமிடம். பக்கத்து வீட்டு நாய் வெலிங்டன், தோட்டத்து முள்ளு மண்வெட்டி குத்தியபடி செத்துக் கிடக்கிறது. யார் கொன்றது என்று கிறிஸ்டோஃபர் ஷெர்லொக் ஹோம்ஸ் பாணியில் துப்பறியப் போகிறான், அதைப் புத்தகமாகவும் எழுதுகிறான். நாயைத் தேடப்போய் அம்மாவைக் கண்டுபிடிக்கிறான். மாரடைப்பில் செத்துப்போனாள் என்று அப்பா சொன்ன அம்மா லண்டனில் உயிரோடு இருக்கிறாள். அவள் எழுதிய கடிதங்களை எல்லாம் அப்பா ஒளித்து வைத்திருக்கிறார். நாயைக் கொன்றதும் அப்பாதான்.

அந்தக் கடிதங்களை அவன் வாசிக்கும் இடத்தை மகளோடு இருந்து மெதுவாக வாசியுங்கள். அம்மா உயிரோடு இருக்கிறாள், அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியவரும் கணம் அது. வேறு எந்த நாவலிலும் இந்த இடத்தில் கண்ணீர் வரும், நெஞ்சு வெடிக்கும், ஆகக் குறைந்தது "நான் உடைந்துபோனேன்" என்றாவது ஒரு வரி இருக்கும். இங்கே வயிறு வலிக்கிறது என்கிறான். பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தால் கட்டிலெல்லாம் வாந்தி, கையில், முகத்தில் எல்லாம். அவ்வளவுதான் எழுதுகிறான். உணர்ச்சிக்கு ஒரு சொல்லும் இல்லை. உடம்பு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. "கிறிஸ்டோஃபருக்கு உணர்ச்சி இல்லை" என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். உணர்ச்சி இல்லாதவன் ஏன் வாந்தி எடுக்கிறான்?

புத்தகத்தின் தலைப்பிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஷெர்லொக் ஹோம்ஸின் 1892ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் வரும் பேச்சு அது. இரவில் அந்த நாய் செய்த விநோதமான காரியத்தைக் கவனியுங்கள் என்கிறார் ஹோம்ஸ். நாய் ஒன்றும் செய்யவில்லையே என்கிறார் மற்றவர். அதுதான் விநோதம் என்று பதில் வருகிறது. நாய் குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் அதற்குத் தெரிந்தவன். ஹாடனின் நாவலிலும் குற்றவாளி தெரிந்த ஆள்தான், வீட்டுக்குள்ளேயே இருப்பவர். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தப் புத்தகத்தில் குரைக்காத நாய் கிறிஸ்டோஃபரின் துக்கம். சத்தம் எங்கே இல்லையோ அங்கே காதை வைக்க வேண்டும்.

இதை ஒரு விரிவுரையாகச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதியாது. எழுத வைத்தால் பதியும். 2022இல் நான் கொடுத்த வேலை இது: ஒரு இடத்தில் 5 நிமிடம் நில்லுங்கள், கண்ணால் கண்டதை மட்டும் கிறிஸ்டோஃபர் மாதிரி ஆங்கிலத்தில் எழுதுங்கள், 'அழகான', 'பாவம்', 'சந்தோஷமாக' மாதிரிச் சொற்கள் கூடாது, யாருடைய மனதுக்குள்ளும் போகக் கூடாது. ஒரு பிள்ளை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நின்று எழுதிக்கொண்டு வந்ததை நினைவிலிருந்து தமிழில் தருகிறேன். "நான் 4.10க்கு அங்கே நின்றேன். 100ஆம் இலக்க பஸ் ஒன்று போனது. 101 இரண்டு போனது. ஒரு அன்ரி கீரைக்கட்டு ஒன்றை எடுத்தார். விலை கேட்டார். கீழே வைத்தார். பேர்ஸைத் திறந்து பார்த்தார். திரும்பவும் கட்டை எடுத்தார். திரும்பவும் வைத்தார். போய்விட்டார். கீரைக்காரர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்தார்."

அந்த வருடம் கொழும்பில் சாமான் விலை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவரும் கதைக்கவில்லை. 'பாவம்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் அந்தப் பத்தி செத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளையே, "மிஸ், இது அவன்ட குறைபாடு இல்லை, இது ஒரு ஸ்டைல்" என்றாள். நான் 3 வருடமாகச் சொல்ல முயன்றுகொண்டிருந்தது அது. உங்கள் மகளுக்கும் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வெள்ளவத்தை ஸ்டேஷன் நல்ல இடம், ஒரு பக்கம் தண்டவாளம், அடுத்த பக்கம் கடல். கோட்டை ஸ்டேஷன் இன்னும் பொருத்தம். கிறிஸ்டோஃபர் தனியாக ரயிலில் லண்டனுக்குப் போய் இறங்கும்போது அறிவிப்புப் பலகைகள் எல்லாம் அவன் தலைக்குள் ஒன்றோடொன்று குழம்பி, பக்கமே எழுத்துக் குப்பையாகிவிடும். மாலை 5 மணிக்குக் கோட்டையில் மூன்று மொழி அறிவித்தலும் ஒரே நேரத்தில் காதில் விழும்போது அந்தப் பக்கம் யாருக்கும் விளங்கும். அதற்கு ஓட்டிசம் தேவையில்லை.

அடுத்தது உவமையும் உருவகமும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த நாவலில் கிடைக்கிற பெரிய அதிர்ஷ்டம் இது, அநேகமாக ஒரு ஆசிரியரும் பயன்படுத்துவதில்லை. உருவகம் ஒரு பொய் என்கிறான் கிறிஸ்டோஃபர். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்கிறதாம். உவமை பொய் இல்லையாம். பொலிஸ்காரர் ஒருவரின் மூக்கு மயிரைப் பார்த்து, இரண்டு சின்ன எலிகள் மூக்கு ஓட்டைக்குள் ஒளித்திருப்பது போல என்று எழுதிவிட்டு, இது உருவகம் இல்லை, உவமை, உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது என்று அடிக்குறிப்பும் போடுகிறான். உவமை பொய் ஆகாது, மோசமான உவமையாக இருந்தால் தவிர என்று அதில் ஒரு இணைப்பு வேறு. "நான் பகிடி விட மாட்டேன்" என்று சொல்கிற பையன் எழுதியது இது!

மதிமுகம் என்றால் உவமைத்தொகை, முகமதி என்றால் உருவகம் என்று தமிழ்ப் பாடத்தில் நாம் மனனம் செய்தோமே, அந்த வித்தியாசத்தை உயிர்பிரச்சினையாக எடுத்துக்கொண்ட ஒரு பையன் இவன். சந்திரன் போன்ற முகம் என்றால் சரி, ஒப்புக்கொள்வான். முகம்தான் சந்திரன் என்றால் "அப்படியென்றால் அதன் விட்டம் 3,474 கிலோமீற்றரா?" என்பான். தொல்காப்பியத்தில் உவமைக்குத் தனியாக ஒரு இயலே இருக்கிறது. உருவகத்தைத் தனி அணியாக வைத்து விரிவாகப் பேச நமக்குத் தண்டியலங்காரம் வரவேண்டியிருந்தது. தொல்காப்பியர் பக்கம் கிறிஸ்டோஃபர் சாய்ந்திருப்பான் என்று வகுப்பில் ஒருமுறை பகிடியாகச் சொன்னேன். அதை ஒரு பிள்ளை பரீட்சையில் எழுதிவிட்டான், அதுவும் ஆங்கிலத்தில்.

வீட்டிலும் செய்யலாம். ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டில் யார் யார் எத்தனை உருவகம் பேசுகிறார்கள் என்று மகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். "உயிரை வாங்காதை", "தலை வெடிக்குது", "அவனுக்குக் கை நீளம்", "காது குத்தாதை", "வயிறு எரியுது". தேத்தண்ணி குடிப்பதற்குள் பக்கம் நிறையும். பிறகு அவள் தன்னையே கேட்கட்டும், இதையெல்லாம் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் தம்பி எத்தனை தரம் நம்மைப் பார்த்துக் குழம்பியிருப்பான்? குழப்பம் எல்லாம் அவன் பக்கத்தில் மட்டும்தானா? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தானும் ஓட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத்தான் எழுதினார். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனது விளங்குவதில்லை என்று சொல்கிறீர்கள், மற்றவர்களுக்கு அவருடைய மனது விளங்குகிறதா, இடைவெளி இரண்டு பக்கத்திலும் இருக்கிறதே என்றார். நாவலுக்கு 9 வருடம் பிந்தி வந்த கருத்து. ஆனால் நாவலை வாசிக்க நல்ல கண்ணாடி. அப்பா எட், அம்மா ஜூடி, அயலட்டைச் சனம் என்று எத்தனை பெரியவர்கள் கிறிஸ்டோஃபரைப் பிழையாக வாசிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கார் விடயத்தையும் பிள்ளைகள் சிரிப்பதற்கு எடுப்பார்கள். பாடசாலை பஸ்ஸில் போகும்போது தொடர்ந்து 4 சிவப்புக் கார் கண்டால் அவனுக்கு நல்ல நாள், 4 மஞ்சள் கார் கண்டால் கறுப்பு நாள், அன்றைக்கு யாரோடும் பேச மாட்டான், சாப்பிட மாட்டான். பாடசாலை உளவியலாளர் இது தர்க்கமில்லையே என்று கேட்கிறார். கந்தோருக்குப் போகிறவர்கள் காலையில் வெயிலைக் கண்டு சந்தோஷப்படுகிறார்களே, மழையைக் கண்டு முகம் வாடுகிறார்களே, வெயிலுக்கும் அவர்களுடைய நாளுக்கும் என்ன தொடர்பு என்கிறான் இவன். நான் வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, போன கிழமை உங்கள் வீட்டில் யாராவது ராகுகாலம் பார்த்தார்களா என்று கேட்பேன். பல்லி சொன்னது, பூனை குறுக்கே போனது, ஒற்றைத் தும்மல். பாதி வகுப்பு கை உயர்த்தும். எங்கள் வீட்டில் கார் வாங்கியதே நாள் பார்த்துத்தான், அதனால் எனக்கும் கை உயர்த்தத்தான் வேண்டும்.

வடிவத்தைப் பற்றி மகள் கட்டாயம் எழுத வேண்டும், புள்ளி அங்கேதான். அத்தியாயங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமில்லை. 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களாகப் போய் 233இல் முடிகிறது. மொத்தம் 51 அத்தியாயம். பகா எண்கள் வாழ்க்கை மாதிரியாம், தர்க்கம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு யோசித்தாலும் விதியைக் கண்டுபிடிக்க முடியாதாம். (கவனியுங்கள், இதுவும் உவமை.) ஒரு அத்தியாயம் கதை, அடுத்தது கணக்கு, விண்வெளி, ஹோம்ஸ் என்று வேறெங்கோ போகிறது. ரியூஷனில் சுருக்கக் குறிப்புக் கொடுக்கிறவர்கள் இந்த 'வேறெங்கோ' அத்தியாயங்களைத் தூக்கிவிடுவார்கள். அப்படித் தூக்கினால் புத்தகத்தில் பாதி போச்சு.

உதாரணமாக மூன்று கதவுப் புதிர். ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்கும் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தெரிவுசெய்த பிறகு, நடத்துகிறவர் ஆடு இருக்கும் வேறு ஒரு கதவைத் திறந்து காட்டி, மாற்றுகிறீர்களா என்று கேட்கிறார். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிக்குப் பாதி என்றுதான் நம் மனது சொல்லும். உண்மையில் மாற்றினால் மூன்றில் இரண்டு வாய்ப்பு. முதல் தெரிவு சரியாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான், கதவு திறந்த பிறகும் அது மாறுவதில்லை, மிச்சம் எல்லாம் மற்றக் கதவுக்குப் போகிறது. 1990இல் மரிலின் வோஸ் சவான்ட் தன் பத்திரிகைப் பத்தியில் இந்த விடையைச் சொன்னதற்குக் கணிதப் பேராசிரியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அவர் பிழை என்று கடிதம் எழுதினார்கள். பிழை அவர்களுடையது. ஏன் இந்தக் கதை இங்கே வருகிறது? மனது 'நிச்சயம்' என்று சொல்வது பிழைக்கலாம் என்பதற்கு. கொஞ்சப் பக்கம் தள்ளி, அவன் உலகத்தில் ஆக நிச்சயமாக நம்பியிருந்த ஆளே பொய்காரர் என்று தெரியப்போகிறது.

பொய் என்ற விடயம் எங்கள் பிள்ளைகளை நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகத் தொடும். பொய் சொல்லத் தெரியாத பையனைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், பெரும்பாலும் அன்பினால். எட் கெட்டவரா என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பிள்ளை கடைசியில் ஒரே வரி எழுதியிருந்தாள்: எங்கள் வீட்டிலும் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் அதற்குக் குறிப்பு எழுதவில்லை, சரி போட்டுவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

கெட்ட வார்த்தைகள் உண்டு, நிறைய உண்டு. கேட்டதை அப்படியே எழுதுகிற கதைசொல்லி என்பதால் பெரியவர்கள் ஏசுவதும் அப்படியே வருகிறது. 2015இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு பாடசாலை இதற்காகவே நாவலைக் கட்டாய வாசிப்பிலிருந்து எடுத்தது. தரம் 10 பிள்ளை இந்தச் சொற்களை முதன்முதலாகப் புத்தகத்தில்தான் பார்க்கிறாள் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் இதை வகுப்பில் வைப்பது சரியா? என் அபிப்பிராயம், சரி, ஆனால் தனியாக இல்லை. ஓட்டிசம் உள்ள வாசகர்கள் பலருக்கு இந்த நாவலில் மனக்குறை உண்டு, அதில் நியாயமும் உண்டு. கணக்கில் புலி, மனிதரில் பூச்சியம் என்ற அச்சு இந்தப் புத்தகத்தால் இன்னும் இறுகியது. கிறிஸ்டோஃபர் ஏ.எல். கணிதத்தில் ஏ எடுப்பான் என்பதற்காக உங்கள் மகனிடம் ஒருவர் வந்து "தம்பி கணக்கில் கெட்டிக்காரனோ?" என்று கேட்டால் அதற்கு நாங்கள், ஆசிரியர்கள்தான் பொறுப்பு. ஆகவே நான் இப்போது இதோடு எல் மக்நிக்கோலின் 'எ கைண்ட் ஒஃப் ஸ்பார்க்' நாவலையும் வைக்கிறேன். 2020இல் வந்தது. எழுதியவர் ஓட்டிசம் உள்ளவர், கதையைச் சொல்லும் அடி (Addie) என்ற 11 வயதுச் சிறுமியும் அப்படியே. முற்காலத்தில் தன் ஸ்கொட்லாந்துக் கிராமத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று போராடுகிறாள். கிறிஸ்டோஃபரை மட்டும் படித்தவர்களுக்கு அடி ஒரு அதிர்ச்சி. மற்றவர்களின் துன்பம் அவளுக்குக் குறைவாக அல்ல, அளவுக்கு மிஞ்சி விளங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த வகுப்பில் "இவர்கள் எல்லாம் இப்படி" என்று ஒருவரும் பேசுவதில்லை. மகளுக்கு இந்த இரண்டாவது புத்தகத்தை முதலில் வாங்கிக் கொடுத்தாலும் நல்லது. ஆங்கிலமும் லேசானது.

ஒரு நடைமுறை விடயம். நாவலா நாடகமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைமன் ஸ்டீஃபன்ஸ் எழுதிய நாடக வடிவம் 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறியது, லண்டன் ஓ.எல். வினாத்தாளில் வருவது அதுதான். நாடகத்தில் கிறிஸ்டோஃபர் எழுதிய புத்தகத்தை ஆசிரியை ஷிவோன் வாசிப்பதாக வைத்திருப்பார்கள். நாவலில் அவன் ஒருவனே சொல்லிக்கொண்டு போகிறான். நாவலைப் படித்துவிட்டு நாடகக் கேள்விக்கு விடை எழுதிப் புள்ளியை விட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

வகுப்பில் சிரிப்பவர்களைப் பற்றி ஆசிரியரோடு கதையுங்கள், ஆனால் மகளிடம் கேட்டுவிட்டு. தம்பியைப் பற்றி வகுப்பில் சொல்வதா இல்லையா என்பது அவளுடையதும் தம்பியுடையதும். "என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான்" என்று சாட்சி சொல்லும்படி எந்த ஆசிரியரும் அவளைக் கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் தலையிடலாம், ஆசிரியையாக இதை நானே சொல்கிறேன்.

கடைசியாகத் தம்பி. வாசித்துக் காட்டலாம், அவன் விரும்பினால். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், செத்த நாய் அங்கேயே கிடக்கிறது. ஆடிவேல் தேர் வரும்போது காதைப் பொத்திக்கொள்வான் என்றும், காலி வீதியில் ஓடும் பஸ் இலக்கம் எல்லாம் அவனுக்குப் பாடம் என்றும் எழுதியிருந்தீர்கள். சிவப்புக் கார் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், அப்பாவும் மகனும் கட்டிப்பிடிக்காமல் விரல்களை விசிறி மாதிரி விரித்து நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, அது அவர்கள் இருவருக்கும் உள்ள அன்புக் குறி. அதை வாசிக்கும்போது அக்கா கையை விரித்துக் காட்டட்டும். அவன் தொட்டால் தொடட்டும். தொடாமல் "100 பாணந்துறை, 101 மொரட்டுவை" என்று தொடங்கினால், அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைக் கேட்கலாம்.